ஈயம் இணைத்த தகரமும் ஈயமின்றி இணைந்த தகரமும்

தகரம் என்ற சொல் ஒலியாத நாள் நம் தோட்டத்து வாழ்வில் இருந்ததில்லை. லயத்தின் கூரை தகரம். குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்தது மண்ணெண்ணெய்த் தகரம். காண்டாவின் இரு முனையிலும் ஆடிய பால் வாளி தகரம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் பினாங்குத் துறையில் தலைமேல் வைத்து இறக்கிய பெட்டியும் தகரப் பெட்டியே. இத்தனை தகரத்தோடு புழங்கியும், ஒரு தகடு இன்னொரு தகட்டோடு எங்ஙனம் பற்றி நிற்கின்றது என்று நம்மிற் பலர் எண்ணியதில்லை. சேர சோழ பாண்டியர் பட்டியலை வரி பிசகாமல் ஒப்பிக்கும் பெரியவர் ஒருவரை நிறுத்தி, அவர் கையிலுள்ள வாளியின் வரலாறு யாது என்று வினவினால் விடை வராது. வாளிக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முதன்மையான அதிகாரமொன்று பினாங்கில், சுங்கை பினாங்குக்கு அணித்தே நடந்தது. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆயர் ஈத்தாம் மலைப்பக்கத்து நீரையும் பிற ஓடைகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஜெலுத்தோங் அருகே கடலிற் கலக்கும் சிற்றாறு சுங்கை பினாங். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருப்பது டத்தோ கிராமாட் சாலை. 1897-ஆம் ஆண்டில் லீ சின் ஹோ என்னும் சீன வணிகர் அச்சாலையில் ஈயம் உருக்கும் உலையொன்றை நிறுவினார். 1907-இல் அது ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனியின் கைக்கு மாறிப் பெரிதாயிற்று. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1902-இலேயே தன் உலையை மூட்டியிருந்தது. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில் சீனத் தொழிலாளர் இடுப்பளவு சேற்றில் நின்று கழுவியெடுத்த கரிய மணல் இவ்வுலைகளுக்கு வந்து, கட்டி கட்டியாக வெண்மை பூண்டு, உலகத்தின் துறைமுகங்களுக்கெல்லாம் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகம் கண்ட ஈயத்தில் ஏறக்குறையப் பாதி மலாயா மண்ணிற் பிறந்தது.

ஈயம் என்று நாம் பொதுப்படச் சொல்வதில் இரண்டு உலோகங்கள் உள. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. மலாய்க்காரரும் நம்மைப் போலவே ஒன்றைத் திமா பூத்தே என்றும் மற்றொன்றைத் திமா ஈத்தாம் என்றும், அஃதாவது வெள்ளை ஈயம், கறுப்பு ஈயம் என்றும் வழங்குகின்றனர். பெயரில் உடன்பிறந்தவை போலத் தோன்றினும் இவை தன்மையால் மிக வேறானவை. கிந்தாவில் எடுத்தது வெள்ளீயம். அது உண்ணும் பாத்திரத்துக்குத் தீங்கு செய்யாது. காரீயமோ மெல்லக் கொல்லும் நஞ்சு. இவ்வேறுபாடு இக்கட்டுரையிற் பின்னரும் வேண்டப்படும்.

வெள்ளீயத்தின் பெருமை அதன் வலிமையில் இல்லை, மென்மையில் இருக்கின்றது. இதனை நம் பெண்மக்கள் நன்கறிவர். ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் நீர் இருக்கும்வரை அடுப்பு அதனை ஒன்றும் செய்யாது. நீர் வற்றியபின் ஒரு கணம் கவனம் தவறினால் சொம்பு உருகி அடுப்பிலே வழிந்துவிடும். இரும்பு உருக 1,538 பாகை வெப்பம் வேண்டும். வெள்ளீயம் 232 பாகையிலேயே நீராகும். காரீயத்தை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கலந்தால் இன்னும் இறங்கி 183 பாகையில் உருகும். இக்கலவையே தகர வேலைக்காரர் பற்ற வைக்கும் ஈயம். நம் பழைய சொல்லிற் பற்றாசு. இரு தகடுகளின் ஓரத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அழுக்கும் துருவும் போக நவச்சாரமோ புளிப்பு நீரோ தடவி, காய்ந்த செம்புக்கோலால் இவ்வீயத்தைத் தொட்டு இழுத்தால், அது இடுக்கிற் புகுந்து இரண்டையும் கவ்விக்கொள்ளும். தகடுகள் உருகுவதில்லை. இடையே நின்ற ஈயம் மட்டுமே உருகி உறைகின்றது. இரண்டு பேர் கூடுவதற்கு நடுவே ஒரு தரகன் நிற்பது போன்ற ஏற்பாடு இது.

தட்டார் பொன்னைப் பற்ற வைக்கும்போது வெங்காரமும் பொடியும் வைத்து ஊதுகுழலால் ஊதுவர். "பொடி வைத்து ஊதுகிறான்" என்று கோள்சொல்லியைப் பழிக்கும் வழக்கு அத்தொழிற்சாலையிலிருந்து வந்ததே. ஒருவருக்கொருவர் மூட்டிவிடுவதையும் "பற்ற வைத்துவிட்டான்" என்கின்றோம். இணைக்கும் தொழிலின் சொற்களையெல்லாம் பிரிக்கும் தொழிலுக்குக் கொடுத்துவிட்ட நம் மொழியின் குறும்பை என்னென்பது!

இத்தரகு வேலையே மலாயாவின் ஈயத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயத்தை மெழுகியதே நாம் தகரம் என்பது. பூசினாற் போலவும் இருக்க வேண்டும், பூசாதது போலவும் இருக்க வேண்டும் என்று ஈயப்பூச்சைப் பற்றி நாட்டார் சொல்வதற்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1810-இல் பீட்டர் டுராண்ட் என்பவர் உணவைக் கெடாமல் அடைத்து வைக்கும் கலங்களுக்கு இலண்டனில் உரிமை பெற்றார். அதிலிருந்து இறைச்சியும் மீனும் பாலும் தகரத்திலே அடைபட்டுக் கடல் கடந்தன. பின்னர் வந்தது மண்ணெண்ணெய். நான்கு காலன் கொள்ளும் சதுரத் தகரங்கள், ஒரு மரப்பெட்டிக்கு இரண்டாக, அமெரிக்காவிலிருந்து ஆசியா முழுவதும் இறங்கின. எண்ணெய் தீர்ந்தபின் அத்தகரத்துக்குத் தொடங்கியது இரண்டாம் பிறவி. தோட்டத்திலே அது குடமாயிற்று, அடுப்பாயிற்று, சுவராயிற்று, சிறுவர்க்கு மேளமாயிற்று. அதன் மூட்டுகளிலெல்லாம் ஓடியிருந்த வெள்ளிக்கோடு பற்றாசு. கிந்தாவில் எடுத்து, பினாங்கில் உருக்கி, மேலைநாடு சென்று, எண்ணெய் சுமந்து மீண்டும் மலாயாவுக்கே வந்த ஈயமும் அக்கோட்டில் இருந்திருக்கலாம். கூலிக்காரன் தன் நாட்டுப் பொருளைத் தன் நாட்டுப் பொருளென்று அறியாமலே சுமந்தான்.

இனித் தொழிலைச் செய்தோரைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் உலோகத்தை இணைக்கும் அறிவு கம்மாளரின் குடும்பங்களிற் பிறப்புரிமையாக நின்றது. அவ்வறிவு பொய்யன்று, பல தலைமுறை உழைப்பின் விளைவு. ஆயினும் தகப்பன் மகனுக்கும், மகன் பேரனுக்கும் காதோடு காதாகச் சொன்னதன்றி ஏட்டில் எழுதிப் பிறர்க்கு வழங்கியது சிறிது. ஏன் ஒட்டுகின்றது என்ற கேள்வி எழாமலே எப்படி ஒட்டுவது என்பது மட்டும் கைமாறியது. எனவே கைத்திறன் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குற்றமன்று. ஐரோப்பியத் தொழிற்கழகங்களும் தம் மறைகளை அவ்வாறே பூட்டி வைத்திருந்தன.

அப்பூட்டைத் திறந்தவர் கொல்லருமல்லர், தட்டாருமல்லர்; ஒரு பள்ளியாசிரியர். எலிஹு தாம்சன் என்பது அவர் பெயர். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1853-இற் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பிலடெல்பியாவில் வேதிநூல் கற்பித்துவந்தவர். 1877-இல் அந்நகரத்துப் பிராங்க்ளின் கழகத்தில் மின்சாரத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மின்னூட்டம் பெற்ற கண்ணாடிச் சாடிகளின் மின்சாரத்தை, மெல்லிய கம்பி பலமுறை சுற்றிய சுருளொன்றின் வழியே பாய்ச்சிக் காட்டியபோது, அதனோடு இருந்த தடித்த கம்பியின் இரு முனைகள் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டமை அவர் கண்ணிற் பட்டது. வேறொருவராயின் கம்பி கெட்டதென்று வருந்தி அறுத்தெறிந்திருப்பர். அவர் அதனை மனத்தில் வைத்திருந்து, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 1886-இல் மின்சாரத்தாற் பற்றவைக்கும் பொறிக்கு உரிமை பெற்றார்.

இதன் அடிப்படை புதிதன்று. மின்சாரம் தடையுள்ள வழியிற் செல்லும்போது வெப்பம் பிறக்கும் என்பதையும், ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும் என்பதையும் ஜூல் என்னும் ஆங்கிலேயர் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அளந்து கூறியிருந்தார். 1856-இல் அவர் இரும்புக் கம்பிக் கட்டொன்றை மின்சாரத்தாலே உருக்கிச் சேர்த்தும் காட்டினார். ஆனால் ஓயாமல் வேலை செய்யும் பொறி அவரிடம் இல்லை. குறைந்த அழுத்தத்தில் மிகப் பெரிய ஓட்டத்தைத் தரும் மின்மாற்றியைக் கொண்டு அக்குறையை நிரப்பியது தாம்சனின் பங்கு.

இப்போது தகட்டுக்கு வருவோம். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் விரல்நுனி போன்ற செம்பு முனைகளால் அழுத்துகின்றனர். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டுக்கு இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். பின் ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கு நேரம் மட்டும் மின்சாரம் பாய்கின்றது. அவ்வோட்டம் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் ஆம்பியர். நம் வீட்டிற் பழைய அறுபது வாட் விளக்கு கொண்டது ஏறத்தாழக் கால் ஆம்பியர் என்பதை நினைந்து கொள்க. எனினும் முனைகளுக்கிடையே உள்ள அழுத்தம் சில வோல்ட்டு மட்டுமே ஆதலால் அங்கே கைபட்டாலும் மின்சாரம் உதறுவதில்லை.

வெப்பம் எங்கே பிறக்கின்றது என்பதே இதன் நுட்பம். செம்பு மின்சாரத்தை எளிதில் விடும். அதனுள்ளே குளிர்நீரும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே முனை காய்வதில்லை. தகடும் தகடும் கூடுமிடமோ கண்ணுக்குச் சமமாகத் தோன்றினும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தது. சிற்சில புள்ளிகளில் மட்டுமே உண்மையில் இரும்பை இரும்பு தொடும். அங்கேதான் மின்சாரத்துக்குத் தடை மிகுதி. ஆகவே அங்கேதான் வெப்பமும் மிகுதி. சூடேறிய இரும்பின் தடை மேலும் ஏறும். தடை ஏற வெப்பமும் ஏறும். கண்ணிமைக்கும் பொழுதில் இரண்டு தகடுகளின் நடுவே, வெளியே தெரியாமல், துவரம்பருப்பு அளவுக்கு இரும்பு உருகுகின்றது. மின்சாரத்தை நிறுத்தியபின்னும் அழுத்தத்தை ஒரு கணம் விடாமல் வைத்திருந்தால் அப்பருப்பு உறைந்து இருதகட்டுக்கும் பொதுவாகிவிடும். ஈயமில்லை, ஆணியில்லை, தரகனில்லை. எந்த இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்தனவோ அந்த எதிர்ப்பே இணைப்பாயிற்று. இதுவே புள்ளிப் பற்றவைப்பு.

நன்றாகப் பிடித்திருக்கின்றதா என்று சோதிப்பதும் எளிது. தகடுகளைப் பிடித்துத் தோலுரிப்பது போல உரிக்க வேண்டும். புள்ளி பிளந்து இரண்டும் வழுக்கிப் பிரிந்தால் வேலை கெட்டது. ஒரு தகட்டிலே துளை விழுந்து, மற்றதில் அத்துளையின் இரும்பு பொத்தான்போல் ஒட்டிக்கொண்டு நின்றால் வேலை நன்று. தகடு கிழியலாம், பற்று விடலாகாது என்பது கணக்கு. வேலைக்காரர் அறிந்த மற்றொரு நுட்பமும் உண்டு. புள்ளிகளை நெருக்கி வைத்தால் வலிமை கூடும் என்று புதியவன் எண்ணுவான். முன்னே வைத்த புள்ளி எளிய வழியாகி, பின்னே வைக்கும் புள்ளிக்குரிய மின்சாரத்தைத் திருடிக்கொள்ளும். அதனால் நெருக்கம் வலிமையைக் குறைக்கும்.

ஒரு புள்ளி எவருக்குச் சொந்தம்? இக்கேள்வி அமெரிக்காவில் வழக்காடுமிடத்துக்கே சென்றது. ஓரம் முழுவதும் கோடாக ஒட்டாமல் இடைவிட்டுப் புள்ளிகளாக ஒட்டும் முறைக்கு ஹர்மாட்டா என்பவர் 1903-இல் விண்ணப்பித்தார். 1912-இல் உரிமை வழங்கப்பட்டது. அது தாம்சன் பெயரிலிருந்த கம்பெனியின் உடைமையாயிற்று. புள்ளி வைத்த தொழிற்சாலைகளிடமெல்லாம் அது வரி கேட்கப் புறப்பட்டது. 1915-இல் பனிச்சறுக்குக் கட்டைகள் செய்த ஒரு தொழிற்சாலையோடு நடந்த வழக்கில் உரிமை செல்லும் என்று மேல்நீதிமன்றம் ஒன்று கூறியது. ஃபோர்டு மோட்டார் கம்பெனியோடு நடந்த வழக்கில் நிலைமை மாறியது. முன்னரே அறிந்த முறைகளைக் கண்டவனுக்கு இதிற் புதுப்புனைவு ஒன்றும் இல்லை என்று கீழ் நீதிமன்றங்கள் கண்ட முடிவை, 1924-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பெரு முதலாளி ஒருவர் இன்னொரு முதலாளியை வென்ற கதைதான் இது. ஏழைக்காக எவரும் வழக்காடவில்லை. ஆயினும் அதன் பயன் சிறு பட்டறைக்காரனுக்கும் கிடைத்தது. காதோடு காதாகப் பூட்டிய அறிவும், உரிமைப் பத்திரத்தாற் பூட்டிய அறிவும் நம் கருத்தில் ஒரே பூட்டின் இரண்டு சாவிகளே.

அதன்பின் மோட்டார் வண்டியின் உடல் இரும்புத் தகடாயிற்று. மரச்சட்டத்தின்மேல் தகட்டை ஆணியடித்த வழக்கம் மறைந்தது. தறையாணி என்னும் ரிவெட்டு பல இடங்களில் ஒழிந்தது. நம் மக்களைச் சுமந்து வந்த ராஜுலா 1926-இற் கட்டப்பட்ட கப்பல். அதன் இரும்புத் தகடுகள் தறையாணிகளால் இறுக்கப்பட்டவை. முப்பது ஆண்டு கழியுமுன், 1955 அக்டோபர் 2-ஆம் நாள், சென்னைப் பெரம்பூரில் இரயிற்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது, அங்கே உருவாகிய உருக்குப் பெட்டிகள் பற்றவைத்தே இணைக்கப்பட்டன. தறையாணி அடிப்போரின் ஓசை ஒரு தலைமுறைக்குள் அடங்கிற்று.

உணவுத் தகரத்தின் கதை இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. அதன் பக்கமூட்டில் ஓடிய பற்றாசிற் காரீயம் கலந்திருந்தமையை மேலே கண்டோம். மூட்டிலிருந்து காரீயம் சிறிது சிறிதாக உணவிற் கலக்கும். வளர்ந்தோர்க்கு அது தீங்கு; குழந்தைகளுக்கோ மூளை வளர்ச்சியையே கெடுக்கும். கைக்குழந்தைக்குப் பால் தகரத்தைத் திறந்து கரைத்துக் கொடுத்த தாய் இதனை எங்ஙனம் அறிவாள்? அறிந்தோர் நெடுநாள் பேசவில்லை என்பதே நம் குறை. காரீயமின்றி மூட்டும் வழி மின்சாரத்திடம் இருந்தது. ஆயினும் தகரத்தின்மேற் பூசிய வெள்ளீயம் உருகிச் செம்பு உருளைகளில் அப்பிக்கொண்டு சில நூறு கலங்களுக்குள் அவற்றைக் கெடுத்தது. சுவிட்சர்லாந்தின் ஸௌட்ரானிக் கம்பெனியார் உருளைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பியை ஓடவிட்டு, ஒவ்வொரு கலத்துக்கும் புதுச் செம்பு படும்படி செய்து இவ்விடரைத் தீர்த்தனர். இதனாற் புள்ளிகள் நெருங்கித் தொடர்ந்து கோடாகி நீர் கசியாத மூட்டு கிடைத்தது. அமெரிக்கத் தகரக்கலத் தொழிலார் 1991-இற் காரீயப் பற்றைக் கைவிட்டனர். 1995-இல் அரசு அதனைச் சட்டத்தாலே விலக்கியது. டுராண்டின் கலம் தோன்றி நூற்றெண்பது ஆண்டுகள் ஆயின!

மலாயாவுக்கு, அஃதாவது இன்றைய மலேசியாவுக்கு, இவ்விரு வழிகளும் எதிர்ப்பட்ட ஆண்டு 1985. அவ்வாண்டு ஜூலை 9-ஆம் நாள் ஷா ஆலத்தில் நாட்டின் முதற் கார், புரோட்டான் சாகா, வெளிவந்தது. அத்தகைய காரின் உடலிற் பற்றவைத்த புள்ளிகள் சில ஆயிரம். ஆகஸ்டு 3-ஆம் நாள் பினாங்குப் பாலத்தைத் திறந்து வைத்த பிரதமர் மகாதீர், அப்புதிய கார் ஒன்றிலேயே பாலத்தைக் கடந்தார். ஈயத்தாற் செழித்த தீவுக்குள், ஈயமின்றி இணைந்த தகடு உருண்டு வந்தது. மூன்று மாதம் கழியவில்லை. அக்டோபர் 24-ஆம் நாள் விலையைத் தாங்கிப்பிடித்திருந்த அனைத்துலக ஈயக் கழகத்தின் பணம் தீர்ந்துபோயிற்று. இலண்டனிலும் கோலாலம்பூரிலும் ஈயச் சந்தை மூடப்பட்டது. மீண்டும் திறந்தபோது விலை ஏறக்குறையப் பாதியாகிக் கிடந்தது. பேராக்கிற் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தூர்வாரிக் கப்பல்கள் தம் குட்டைகளிலேயே துருப்பிடித்தன. புள்ளிப் பற்றவைப்பால் ஈயம் வீழ்ந்தது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது வரலாற்றைப் புராணமாக்குவதாகும். பிரேசில் முதலிய நாடுகளின் ஈயம் மலிந்தமையும், கலங்களுக்கு அலுமினியம் வந்தமையும், கழகத்தார் கடன் வாங்கிச் சூதாடியமையுமே வீழ்ச்சிக்கு நேர்க்காரணங்கள். ஆயினும், தகடுகளைச் சேர்ப்பதற்கு ஈயத்தையே நம்பிய காலம் முடிந்துவிட்டதென்பதை அவ்வாண்டின் இரு நிகழ்ச்சிகளும் அருகருகே நின்று காட்டின.

டத்தோ கிராமாட் சாலை உலையும் பின்னர் அணைந்தது. அவ்விடத்தில் இன்று டைம்ஸ் ஸ்கொயர் என்னும் கடைவளாகம் நிற்கின்றது. கிந்தா மணல் வெண்கட்டியான மண்ணின்மேல் இப்போது துணியும் சிற்றுண்டியும் விற்கின்றனர்.

ஆனால் பற்றாசு பினாங்கைவிட்டுப் போய்விடவில்லை. 1972 முதல் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் அது வேறு உருவிற் குடியேறியது. ஊர்ப்புறங்களிலும் தோட்டங்களிலும் இருந்து சென்ற இளம் பெண்கள் அங்கே உருப்பெருக்கியின் முன் அமர்ந்து, எள்ளினும் சிறிய மூட்டுகளில் ஈயம் சரியாக ஏறியிருக்கின்றதா என்று பார்த்தனர். நுண்ணிய மின்னுறுப்புகளுக்குப் பத்தாயிரம் ஆம்பியரும் இருநூறு கிலோ அழுத்தமும் ஆகா. அங்கே மென்மையான தரகனே வேண்டும். இன்று உலகிற் பயன்படும் வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதி இப்பற்றாசுக்கே செல்கின்றது. 2006 ஜூலை முதல் ஐரோப்பிய நாடுகள் மின்னணுப் பொருள்களிற் காரீயத்தை விலக்கவே, 63 பங்கு வெள்ளீயமாக இருந்த கலவை 96 பங்குக்கு மேல் வெள்ளீயமாயிற்று; சிறிது வெள்ளியும் செம்பும் காரீயத்தின் இடத்தைப் பிடித்தன. அதனால் உருகும் வெப்பமும் 183 பாகையிலிருந்து 217 பாகைக்கு ஏறியது. உலைகளையெல்லாம் திருத்த வேண்டியதாயிற்று. பெண்களின் கண்களுக்கும் புதுப் பாடம் வேண்டியிருந்தது. பழைய பற்று நன்றாயிருந்தாற் கண்ணாடிபோல் பளபளக்கும். மங்கினால் கழித்துவிட வேண்டும் என்று அவர்கள் பழகியிருந்தனர். காரீயம் நீங்கிய பற்றோ நன்றாயிருந்தாலும் மங்கலாகவே தோன்றும்.